ஓமானை நோக்கிப் போகும் சூறாவளியை மலையகத்திலிருந்து பின்தொடர்வது எப்படி?

இந்தக் கட்டுரை இரண்டு வகை ஆட்களுக்கு. ஒரு வகை, மேகத்தைப் பார்த்தாலே வேலையை விட்டுவிட்டு நிற்கிற வானிலைப் பைத்தியங்கள். மற்றது, அக்காவோ அம்மாவோ தம்பியோ சலாலாவிலும் மஸ்கட்டிலும் வேலை செய்ய, அங்கே புயல் என்று யாரோ சொன்னதும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு லயத்து வாசலில் சிக்னல் தேடி நிற்பவர்கள். அட்டன் பக்கம் எங்களைப் போன்ற சிலர் இரண்டு வகையிலும் சேர்த்தி.

பாலைவனக் கரைக்குச் சூறாவளி வருவது அபூர்வம். அதனாலேயே தமிழில் அதைப் பற்றி ஒழுங்கான தகவல் கிடைப்பதும் அபூர்வம். எந்த அறிக்கை எந்த நேரத்தில் வரும், அதில் எந்த வரியைப் படிக்க வேண்டும், என்ன காகிதம் கையில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடித்தான் நான் சேர்த்தேன். நீங்கள் அந்த அலைச்சல் படத் தேவையில்லை.

1. எந்த மாதத்தில் கண் வைப்பது

வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அரபிக்கடலில் சூறாவளிக்கு இரண்டு பருவங்கள்: மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை ஒன்று, ஒக்டோபர், நவம்பரில் இன்னொன்று. இடையில் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி பலமாக இருக்கும்போது கீழே மேற்குக் காற்று, மேலே கிழக்குக் காற்று என்று வானம் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். மேகக் கோபுரம் நிமிர முடியாது. ஓமான் கரையோரக் கடலும் அந்த மாதங்களில் குளிர்ந்துவிடும். யூலை, ஓகஸ்டில் சலாலாவில் இருப்பவர் "இங்கே ஒரே தூறலும் பனியும், நுவரெலியா மாதிரி இருக்கு" என்று சொன்னால் பதற வேண்டாம். அது அவர்களுடைய காரிஃப் பருவம், வருடாவருடம் வருவது.

பருவத்தில் ஒரு நாளைக்கு ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, புதுடில்லி மையத்தின் அன்றாட முன்னோட்டத்தைத் திறந்து அரபிக்கடல் பகுதியை மட்டும் பாருங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறைக்குள் இயங்கும் இந்த மையம்தான் வங்காள விரிகுடாவுக்கும் அரபிக்கடலுக்கும் உலக வானிலை அமைப்பு பொறுப்புக் கொடுத்திருக்கும் பிராந்திய மையம். இலங்கை, ஓமான், ஏமன் உட்பட 13 நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து சூறாவளிக்குப் பெயர் வைப்பதும் அதுவே. அடுத்த சில நாட்களில் தாழமுக்கம் உருவாக எவ்வளவு வாய்ப்பு என்று அந்த முன்னோட்டத்தில் இருக்கும். "இல்லை" என்று இருந்தால் மூடிவிட்டு வேலையைப் பாருங்கள்.

வங்காள விரிகுடாவையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 செப்டெம்பர் கடைசியில் குலாப் என்ற சூறாவளி ஆந்திரப் பக்கம் கரை ஏறியது. அதோடு கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருக்க, அதன் மிச்சம் இந்தியாவைக் குறுக்காகக் கடந்து அரபிக்கடலில் இறங்கி, ஷாஹீன் என்ற புதுப் பெயரோடு ஒக்டோபர் 3ஆம் தேதி ஓமானின் வடக்குக் கரையில் ஏறியது.

2. சாமான், செலவு

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு போன், ஒரு கொப்பி, பென்சில், ஒரு வரைபடம்.

வரைபடம் முக்கியம். வடக்கு 5 பாகை முதல் 30 வரை, கிழக்கு 40 முதல் 80 வரை, கோடுகள் போட்ட வெற்று வரைபடமாகப் பார்த்து இறக்கி, டவுனில் கொமியுனிகேஷன் கடையில் கறுப்பு வெள்ளையில் பெரிய தாளில் பத்துக் கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கலர் பிரின்ட் வேண்டாம், காசும் கூட, பென்சில் கோடும் தெரியாது. அதில் முதலிலேயே இந்த ஊர்களைக் குறித்துவிடுங்கள்: ஏமனில் முகல்லா, அல் கைதா (Al Ghaydah என்ற ஊர்), ஓமானில் சலாலா (17 வடக்கு, 54 கிழக்கு), துக்கும், மசீரா தீவு, சூர், மஸ்கட் (23.6 வடக்கு, 58.5 கிழக்கு), சுவைக், நடுக்கடலில் சொகொத்ரா தீவு. உங்கள் ஆள் இருக்கும் ஊரைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள்.

அறிக்கைகள், செய்மதிப் படங்கள், மாதிரி (கணினி கணக்குப் போட்டு முன்கணிக்கும் வானிலை மொடல்) வரைபடங்கள் எல்லாம் இலவசம். விண்டி செயலியின் இலவசப் பதிப்பும் சூம் எர்த் இணையதளமும் போதும். புயல் நேரத்தில் "பிரீமியம்" வாங்கச் சொல்லி விளம்பரம் வரிசை கட்டும். பணம் கட்டி வாங்கினாலும் உள்ளே இருப்பது அதே மாதிரிகள்தான், கொஞ்சம் சீக்கிரமாக, கொஞ்சம் அழகாக. அந்தக் காசுக்கு ஒரு பவர் பேங்க் வாங்குங்கள். மே மாதக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால் பிரீமியம் உதவாது.

டேட்டா செலவை மட்டும் கவனியுங்கள். எழுத்து அறிக்கை கொஞ்சம்தான் தின்னும். அசையும் செய்மதிப் படமும் யூடியூப் நேரலையும்தான் கார்டைக் காலி பண்ணும்.

3. மணிக்கூட்டு விஷயம்

புதியவர்கள் சறுக்கும் முதல் இடம் இது. எல்லா அறிக்கையும் உலக நேரத்தில், யூடிசி என்று போட்டு வரும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். எனவே 00 என்றால் நமக்கு அதிகாலை 5.30. 03 என்றால் காலை 8.30. 06 என்றால் 11.30. 12 என்றால் மாலை 5.30. 18 என்றால் இரவு 11.30. கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஓமான் நமக்கு ஒன்றரை மணி பின்னால், ஏமன் இரண்டரை மணி பின்னால். "இன்று நள்ளிரவு கரை கடக்கும்" என்று எங்காவது பார்த்தால் எந்த ஊர் நள்ளிரவு என்று கேளுங்கள். மஸ்கட்டில் நள்ளிரவு என்றால் நமக்கு 1.30.

அப்புறம், 03 மணி அறிக்கை 03 மணிக்கு வராது. அந்த நேரத்து நிலவரத்தை வைத்து எழுதி வெளியிட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். நம் கைக்கு வரும்போது 11 மணி தாண்டியிருக்கும். சூறாவளி உருவான பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அறிக்கை வரும். எல்லாவற்றையும் பார்க்க ஆசை வரும். பார்க்க வேண்டாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு நேரம் போதும்: பிரட்டுக்கு (காலையில் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிய) போகும் முன் ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை. கரை ஏறும் நாளுக்கு மட்டும் இரவு முழிப்பை ஒதுக்கி வையுங்கள்.

4. அறிக்கையை எந்த வரிசையில் படிப்பது

அறிக்கை ஆங்கிலத்தில், நெடுநீளமாக இருக்கும். மேலிருந்து கீழே வாசிக்க வேண்டாம்.

முதலில் எந்த நேரத்து நிலவரம் என்று பாருங்கள். அடுத்தது இடம், பாகைக் கணக்கில். அடுத்தது கடந்த ஆறு மணி நேரத்தில் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் நகர்ந்தது. அதன் பிறகு காற்று. கடைசியாக முன்கணிப்பு அட்டவணை. நடுவில் வரும் தொழில்நுட்பக் குறிப்பைப் பழகிய பிறகு படிக்கலாம். கடல் வெப்பம் 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கிறதா, மேல் காற்றும் கீழ்க் காற்றும் எவ்வளவு முரண்படுகின்றன, அரேபியப் பக்கமிருந்து உலர் காற்று நுழைகிறதா என்ற மூன்றும் அங்கேதான் இருக்கும். பாலைவனக் கரைக்குப் போகிற புயலில் அந்த மூன்றாவதுதான் பெரும்பாலும் தலையெழுத்தை எழுதும்.

தரப் பெயர்கள் இப்படி: காற்று மணிக்கு 31 கிலோமீற்றர் முதல் தாழமுக்கம், 51 முதல் ஆழ்ந்த தாழமுக்கம், 63இல் சூறாவளி ஆகிப் பெயர் கிடைக்கும். 89 முதல் கடும், 118 முதல் மிகக் கடும், 167 முதல் அதிதீவிரம், 222ஐத் தொட்டால் சுப்பர் சூறாவளி. நொட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் இருந்தால் 1.85ஆல் பெருக்குங்கள்.

இங்கே ஒரு பொறி. அமெரிக்கக் கடற்படையின் கூட்டு எச்சரிக்கை மையமும் இதே புயலுக்கு அறிக்கை விடும். அதில் அரபிக்கடல் புயல்களுக்கு எண்ணோடு ஏ என்ற எழுத்து இருக்கும். அவர்கள் ஒரு நிமிடச் சராசரிக் காற்றைச் சொல்கிறார்கள், புதுடில்லி மூன்று நிமிடச் சராசரியைச் சொல்கிறது. ஆகவே அமெரிக்க எண் வழக்கமாகக் கூடவே இருக்கும். காலையில் புதுடில்லியையும் இரவில் அமெரிக்கரையும் பார்த்துவிட்டு "ஒரே நாளில் பலமாகிவிட்டது" என்று வட்ஸ்அப்பில் போடுகிறவர்கள் ஒவ்வொரு புயலுக்கும் இருக்கிறார்கள். ஒரு மையத்தை எடுத்தால் கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பக்கத்தில் தனி நிரலில் எழுதுங்கள்.

5. வரைபடத்தில் புள்ளி வைப்பது

ஒவ்வொரு தடவையும் இடத்தைப் பென்சிலால் குறித்து, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். வடக்கு தெற்காக ஒரு பாகை சுமார் 111 கிலோமீற்றர். சலாலா உயரத்தில் கிழக்கு மேற்காக ஒரு பாகை சுமார் 106. ஆறு மணி நேரத்தில் அரைப் பாகை வடக்கே போயிருந்தால் மணிக்கு 9 கிலோமீற்றர் வேகம். கரைக்கு இன்னும் மூன்று பாகை இருந்தால் ஒன்றரை நாள். இந்தச் சின்னக் கணக்கைக் கையால் போட்டுப் பழகியவரை எந்தச் செய்தித் தலைப்பும் பயமுறுத்தாது.

முன்கணிப்பைப் பேனாவால் வரையாதீர்கள். நாளைக்கு மாறும். அறிக்கையோடு வரும் படத்தில் கூம்பு மாதிரி விரிந்து போகும் பகுதி, மையம் எங்கெல்லாம் போகக்கூடும் என்பதைக் காட்டுவது. புயலின் பருமன் அது இல்லை. "சலாலா கூம்புக்கு வெளியே இருக்கு, தப்பித்தது" என்பது இரண்டு வகையிலும் பிழை. மழை கூம்பைப் பார்த்துப் பெய்வதில்லை.

பத்து நாள் மாதிரி வரைபடத்தை நம்பி யாரையும் எழுப்பாதீர்கள். 2023 ஜூனில் பிபர்ஜோய் கிளம்பியபோது ஆரம்ப நாட்களில் சில மாதிரிகள் அதை ஓமான் பக்கம் திருப்பின, சில பாகிஸ்தான் பக்கம். கடைசியில் அது குஜராத்தின் ஜக்காவுக்குப் பக்கத்தில் கரை ஏறியது. 2019 ஒக்டோபரில் கியார் சுப்பர் சூறாவளியாகி ஓமானைப் பார்த்து வந்தது, பின் தென்மேற்கே திரும்பிக் கடலிலேயே மெலிந்து போனது. மூன்று நாளுக்குள் இருக்கும் முன்கணிப்பை வைத்து வேலை செய்யுங்கள், நான்காம் ஐந்தாம் நாளை வெறும் திசையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் உள்ளது பொழுதுபோக்கு. எனக்கும் பிடித்த பொழுதுபோக்குதான், ஆனால் பொழுதுபோக்கு.

அமெரிக்க ஜிஎப்எஸ் மாதிரி நாளுக்கு நான்கு தடவை ஓடும். 00 மணி ஓட்டம் நமக்குக் காலை பத்து, பத்தரைக்குள் முழுதாகத் தெரியும். ஐரோப்பிய மாதிரியின் 00 மணி ஓட்டம் மத்தியானத்துக்குப் பக்கத்தில் வரும். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

6. செய்மதிப் படம்

ஐரோப்பாவின் மீட்டியோசாட் ஒன்று இந்து சமுத்திரத்தின் மேலே நிற்கிறது, 15 நிமிடத்துக்கு ஒரு படம். இந்தியாவின் இன்சாட் படங்களும் கிடைக்கும். ஓமான் கடலில் நன்றாக வெளிச்சம் வர நமக்குக் காலை எட்டு ஆகும். அதற்கு முன் அகச்சிவப்புப் படம்தான். அதில் வெள்ளையாகத் தெரிவது உயரமான குளிர்ந்த மேகம், அதற்குக் கீழே மையம் எங்கே என்று இரவில் கண்டுபிடிப்பது கடினம். மையத்தை ஊகித்துப் புள்ளி வைக்காமல் அறிக்கைக்காகக் காத்திருங்கள்.

கரையை நெருங்கும்போது வடமேற்கு ஓரத்தைப் பாருங்கள். மேகம் அங்கே பிய்ந்து, ஓட்டையாகி, ஒரு பக்கம் மொட்டையாகத் தெரிந்தால் பாலைவனத்து உலர் காற்று உள்ளே இழுபடுகிறது. புயல் மெலியப் போகிறது என்பதற்கு நல்ல அடையாளம் அது. மழை போய்விட்டது என்பதற்கு அடையாளமே இல்லை.

7. காற்றை விடுங்கள், மழையைப் பாருங்கள்

இதைத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள். தொலைக்காட்சி காற்று வேகத்தைச் சொல்லும், தரத்தைச் சொல்லும். ஓமானில் ஆளைக் கொல்வதும் ரோட்டை அறுப்பதும் பெரும்பாலும் தண்ணீர்.

2018 மே 25இல் மெகுனு சலாலா பக்கத்தில் கரை ஏறியபோது அங்கே 24 மணி நேரத்தில் 278 மில்லிமீற்றர் பெய்தது. மழைக்குப் பேர்போன வட்டவளைக்காரர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் சலாலாவில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அது. ஷாஹீன் வந்தபோது அல் கபூராவில் 369 மில்லிமீற்றர். மண் குடிக்காது, காடு குறைவு, வடிகான் இல்லை. சலாலாவுக்குப் பின்னால் தோபார் மலைகள், வடக்குக் கரைக்குப் பின்னால் ஹஜர் மலைத்தொடர். அந்த மலைகளில் விழுந்த அத்தனையும் வாடி என்று அங்கே சொல்லும் வறண்ட ஆற்றுப் படுகைகளில் இறங்கும். மற்ற நாட்களில் அந்தப் படுகைகளுக்குக் குறுக்கே ரோடு போகும், பக்கத்தில் வீடு இருக்கும், ஆடு மேயும். மழையே பெய்யாத இடத்தில் வெயில் அடிக்கும்போது தண்ணீர் வந்து நிற்கும். மேலே பெய்தால் கீழே என்ன ஆகும் என்று மலையில் பிறந்த நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, இதை அங்கே இருப்பவருக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே உங்கள் ஆளிடம் கேட்க வேண்டிய கேள்வி "காற்று அடிக்குதா?" என்பதில்லை. "வீட்டுக்குப் பக்கத்தில் வாடி இருக்கா? கீழ் மாடியா, மேல் மாடியா? கடைக்குப் போக வாடியைக் கடக்கணுமா?" ஓடும் வாடியை வாகனத்தில் கடப்பது ஓமானில் சட்டப்படியும் குற்றம். முதலாளி வற்புறுத்தினாலும் மறுக்க அது ஒரு பிடி.

கரை ஏறியதும் தரம் மளமளவென்று இறங்கும். அறிக்கையில் "மெலிந்தது" என்று வரும், இங்கே எல்லோரும் தூங்கப் போவார்கள். வாடிகள் நிரம்புவது அப்போதுதான். அதற்குப் பிந்திய ஒரு நாளைக்கு ஓமானின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபைக்குக் கீழ் உள்ள வானிலைப் பிரிவின் எச்சரிக்கைகளைப் பாருங்கள். ஆங்கிலத்திலும் வரும். வாடி எச்சரிக்கை அங்கேதான் ஊர் வாரியாகக் கிடைக்கும்.

8. அங்கே ஆள் இருந்தால்: காகிதங்கள்

புயலுக்குப் பெயர் வைக்கும் முன்பே இவை கையில் இருக்க வேண்டும். பெயர் வைத்த பிறகு கேட்டால் அங்கே வேலை நெருக்கடியில் போட்டோ எடுத்து அனுப்ப நேரம் இருக்காது.

கடவுச்சீட்டின் படம் உள்ள பக்கம். ஓமான் வதிவிட அட்டையின் இரண்டு பக்கமும். வேலை ஒப்பந்தம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு விவரம். அனுப்பிய முகவர் நிலையத்தின் பெயர், அனுமதி இலக்கம். வேலை செய்யும் வீட்டுக்காரரின் பெயர், தொலைபேசி. கடைசியாக, வட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த வீட்டின் இடக்குறி. ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்து தெரு தெரியாமல் இருப்பவர்கள் அநேகம், தூதரகத்தில் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

கடவுச்சீட்டு வீட்டுக்காரரிடம் இருக்கிறது, போட்டோ எடுக்க முடியாது என்று பதில் வரலாம். பரவாயில்லை. போகும் முன் இங்கே எடுத்த கொப்பி வீட்டில் எங்காவது இருக்கும். தகரப் பெட்டியைக் கிளறுங்கள். எல்லாவற்றையும் இரண்டு போனில் வைத்து, ஒரு பிரதியைக் காகிதத்தில் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். பணியகப் பதிவு காலாவதி ஆகியிருந்தால் புயல் நேரத்தில் எதுவும் செய்ய முடியாது, அதைத் தனி வேலையாகப் பிறகு பாருங்கள்.

பேச்சுக்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள், ஓமான் நேரப்படி காலை ஒன்று, இரவு ஒன்று. வீடியோ அழைப்பு வேண்டாம், "நல்லா இருக்கேன்" என்று எழுத்தில் ஒரு வரி போதும். பலவீனமான சிக்னலிலும் அது போய்ச் சேரும். ஒரு நேரம் தவறினால் பதற வேண்டாம் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கோபுரங்கள் விழும், போன் சார்ஜ் தீரும். இரண்டு நேரமும் தவறினால் வீட்டுக்காரருக்கு எடுங்கள், பிறகு பணியகத்தின் 1989க்கு, மஸ்கட்டில் உள்ள நம் தூதரகத்துக்கு. ஓமானுக்குள் அவசர எண் 9999, அவர்களுடைய போனில் சேமிக்கச் சொல்லுங்கள்.

யாராவது "உங்க ஆளை நான் கண்டுபிடித்துத் தருகிறேன், கொஞ்சம் செலவாகும்" என்று வந்தால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். தூதரகத்தில் தகவல் கேட்பதற்குக் கட்டணம் கிடையாது.

அந்த வாரத்தில் கட்டுநாயக்கவிலிருந்து போகிறவர் இருந்தால், வீட்டை விட்டுக் கிளம்பும் முன் விமானத்தை உறுதிப்படுத்துங்கள். மெகுனுவுக்கு சலாலா விமான நிலையம் மூடப்பட்டது. அட்டனிலிருந்து வேன் பிடித்துப் போய்த் திரும்புவது டிக்கெட்டைவிட வலிக்கும்.

9. நம் பக்கம்

தொலைதூரப் புயலில் மூழ்கி நம் கூரையை மறக்க வேண்டாம். மே, ஜூனில் அரபிக்கடலில் ஒன்று உருவானால், அது லட்சத்தீவுப் பக்கம் இருக்கும் நாட்களில் நம் மேல் தென்மேற்குக் காற்றை இழுக்கும். கினிகத்தேனை, வட்டவளை, நோட்டன் பிரிட்ஜ், அட்டன் என்று மேற்குச் சரிவு முழுக்க நனையும். 2025 நவம்பரில் டித்வா நம் மலைகளுக்கு என்ன செய்தது என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆகவே ஒரு பக்கம் புதுடில்லி, மறுபக்கம் கொழும்பு வளிமண்டலவியல் திணைக்களமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தலும். அது பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரும். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் மூட்டையைக் கட்டித் தயார், சிவப்பு என்றால் வெளியேறுதல். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

தோட்டத்து ஆபீசில் மழைமானி இருந்தால் தினமும் காலை அளவைக் கேட்டு அதே கொப்பியில் எழுதுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம்.

10. முடிந்த பிறகு

புயல் தாழமுக்கத் தரத்துக்கும் கீழே மெலிந்ததும் புதுடில்லி கடைசி அறிக்கையை விட்டு நிறுத்திவிடும். உங்கள் வரைபடத்தில் கடைசிப் புள்ளியை வைத்துத் தேதி போட்டு மடித்து வையுங்கள். பின்னர் அதே மையம் அந்தப் புயலுக்கென்று தனி அறிக்கை வெளியிடும். திருத்திய பாதை, மூன்று அல்லது ஆறு மணி நேரத்துக்கு ஒரு இடம் என்று அட்டவணையாக அதில் இருக்கும். அதை இறக்கி உங்கள் பென்சில் புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் விலகல் கூடியதோ அந்த நாளின் செய்மதிப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், அன்று உலர் காற்று நுழைந்ததா, மேல் காற்று சாய்த்ததா என்று தெரிந்துவிடும்.